சோடா ரொட்டி மறுநாள் பச்சையாகுது: பூஞ்சையா, சோடாவா?

லிஃபிக்கரை
9 மார்ச் 2024, இரவு 9:40

ஐரிஷ் பிரவுன் சோடா ரொட்டி. சுட்ட அன்னைக்கு ஒரு குறையும் இல்லை. மறுநாள் காலையில வெட்டினா, உள்ளே சூரியகாந்தி விதை இருக்கிற இடமெல்லாம் பச்சை. பாசி மாதிரி அழுத்தமான பச்சை. பூஞ்சை வாடை கிடையாது. தின்னா கடைசியில நாக்குல லேசா சோப்பு ருசி. அடிப்பக்கம் கல்லு.

போட்ட அளவு: மைதா 225 கிராம், முழுக்கோதுமை மாவு 225, சமையல் சோடா 2 டீஸ்பூன் (குவிச்சு), உப்பு 1 டீஸ்பூன், விதை ஒரு கைப்பிடி, பால் 400 மி.லி. பட்டர்மில்க் கைவசம் இல்லாததால வெறும் பால். ஓவன் 180 டிகிரி. தூக்கிப் போடறதா, தின்னலாமா?

தணல்
9 மார்ச், இரவு 10:25

தின்னலாம். பூஞ்சை இல்லை.

சூரியகாந்தி விதையில் குளோரோஜெனிக் அமிலம் நிறைய இருக்கு. சோடா மிஞ்சிப்போன மாவில் காரத்தன்மை ஏறும்போது அது காற்றோடு சேர்ந்து பச்சையாகும். மெதுவாக நடக்கிற வேலை என்பதால்தான் சுட்ட அன்று தெரியாமல் மறுநாள் தெரியுது. ஆரத்தி கரைக்கும்போது மஞ்சளில் சுண்ணாம்பு பட்டதும் சிவக்குதே, ஏறக்குறைய அந்த மாதிரிதான். உடம்புக்கு ஒன்றும் ஆகாது, பார்க்கத்தான் நல்லா இல்லை.

பச்சை, சோப்பு ருசி, கல் மாதிரி அடி எல்லாமே மூணு தப்பிலிருந்து வருது. சோடா அதிகம். அதை முறிக்கப் புளிப்பே இல்லை. ஓவன் சூடு போதவில்லை.

450 கிராம் மாவுக்கு சோடா ஒரே ஒரு டீஸ்பூன். அதுவும் படி அளக்கிற மாதிரி கத்தி முதுகால் தலைதட்டினது. குவிச்சு எடுத்தால் ஒரு ஸ்பூனே ஏறக்குறைய இரண்டாகிடும். உங்கள் ரொட்டியில் போனது நாலு ஸ்பூன்னு வைச்சுக்குங்க.

தணல்
9 மார்ச், இரவு 10:50

முழு அளவையும் எழுதிடறேன், துண்டு துண்டா கேள்வி வரும்.

மைதா 225, முழுக்கோதுமை 225, சோடா தலைதட்டி 1 டீஸ்பூன், உப்பு தலைதட்டி 1 டீஸ்பூன், பட்டர்மில்க் 400 மி.லி. அவ்வளவுதான். சர்க்கரை, முட்டை, வெண்ணெய், ஈஸ்ட் எதுவும் வேண்டாம்.

முதலில் ஓவனை 230க்கு ஏற்றிடுங்க. அது முழுசா சூடேறின பிறகுதான் மோரைத் தொடணும். சோடாவும் புளிப்பும் சந்திச்ச நொடியில் வாயு கிளம்பிடும். ஈஸ்ட் மாவு மாதிரி காத்துக்கிட்டு உட்காராது. பிசைஞ்சு மூடிவச்சிட்டு போன் பேசிட்டு வந்தால், குமிழெல்லாம் போய் சப்பையான ரொட்டிதான் மிஞ்சும்.

சோடாவை உள்ளங்கையில் போட்டுக் கட்டியில்லாமல் தேய்ச்சு, மாவோடு சேர்த்து இரண்டு தடவை சலிக்கணும். கட்டி நின்னா அந்த இடம் மஞ்சள் புள்ளியாகி, கடிச்சா கசக்கும். அகலப் பாத்திரத்தில் மாவுக்கு நடுவில் குழி பறிச்சு மோரைக் கிட்டத்தட்ட முழுசா ஊத்துங்க. ஒரே கை. விரல்களை விரிச்சு, நண்டுக்கால் மாதிரி விறைப்பா வைச்சு, நடுவிலிருந்து வெளியே வட்டம் வட்டமா சுத்தணும். பிசையக் கூடாது, அழுத்தக் கூடாது. பத்துப் பதினைஞ்சு சுற்றில் மாவு ஒண்ணு சேரும். சப்பாத்தி மாவு பதம் இல்லை, அதைவிடத் தளர்வு. கையில் கொஞ்சம் ஒட்டும். வழவழன்னு வந்துட்டால் பிசைஞ்சு கெடுத்தாச்சுன்னு அர்த்தம்.

மாவு தூவின பலகையில் கவிழ்த்து, கையில் மாவு தொட்டு, 4 செ.மீ. உயர வட்டமா தட்டி, கத்தியால் ஆழமா ஒரு சிலுவை கீறி உடனே உள்ளே. 230ல 15 நிமிஷம், பிறகு 200ல 30 நிமிஷம். எடுத்துத் தலைகீழா பிடிச்சு அடியில் விரலால் தட்டினால் காலி டப்பா சத்தம் வரணும். 'தொப்'னு கேட்டால் கவிழ்த்துப் போட்டு இன்னும் 5 நிமிஷம்.

மோர்ப்பானை
10 மார்ச், காலை 7:15

பட்டர்மில்க்னா மோருன்னு நெனச்சு, தாளிக்கிற மோரை ஊத்திடாதீங்க. நாம குடிக்கிறது தண்ணி. ஐரிஷ் கடையில கிடைக்கிறது கெட்டியா, புளிச்ச வாசனையோட இருக்கும்.

ஆனா பழைய காலத்து முறை ரெண்டு ஊர்லயும் பக்கத்துல பக்கத்துலதான். நாம தயிரைக் கடைஞ்சு வெண்ணெய் எடுத்தது போக மிச்சம் மோர். அங்க பாலாடையை ரெண்டு மூணு நாள் சேர்த்து வச்சுப் புளிக்கவிட்டு மத்து அடிச்சு வெண்ணெய் எடுத்தது போக மிச்சம் பட்டர்மில்க். அந்தப் புளிப்புதான் சோடாவுக்கு வேலை குடுக்கிற ஆள். இப்ப கடையில விக்கிறது பாலுல கிருமி சேர்த்துப் புளிக்க வச்சது.

இல்லாத வீட்டுக்கு ரெண்டு வழி. புளிச்ச தயிர் 300 மி.லி. + தண்ணி 100, நல்லா அடிச்சது. இல்லேன்னா 400 மி.லி. பாலுல ஒண்ணரை டேபிள்ஸ்பூன் எலுமிச்சைச் சாறு விட்டு 10 நிமிஷம். திரிஞ்ச மாதிரி தெரியும், பயப்படாதீங்க. புளிக்காத புதுத் தயிர் மட்டும் வேணாம்.

தணல்
10 மார்ச், காலை 8:02

மோர்ப்பானை சொன்னதோடு ஒரு கணக்கு: ஒரு கப் (240 மி.லி.) பட்டர்மில்க்கின் புளிப்பு முறிக்கக்கூடிய சோடா ஏறக்குறைய அரை டீஸ்பூன். அப்போ 400 மி.லி.க்கு ஒரு ஸ்பூனுக்குச் சற்றுக் குறைவு. விதை போடறவங்க முக்கால் ஸ்பூனோடு நிறுத்திக்கிட்டால் பச்சை அநேகமா எட்டிப் பார்க்காது. எள்ளும் பூசணி விதையும் போட்டால் இந்தத் தொல்லையே கிடையாது.

மேலே என் அளவில் ஒரு திருத்தம். 400 மி.லி. பிரவுனுக்குத்தான். தவிடு நிறைய குடிக்கும். முழுக்க மைதா போட்டு வெள்ளை ரொட்டி சுட்டால் 350ல ஆரம்பிச்சு, தேவைப்பட்டால் கூட்டுங்க. ஒரே தடவையில் 400 கொட்டினால் குழம்பாகிடும்.

சந்தேகப்பேர்வழி
10 மார்ச், பகல் 1:30

எதுக்கு இத்தனை ரசாயனம்? கெல்டிக் காலத்திலிருந்து ஆயிரம் வருஷமா கிழவிங்க கண்ணளவுல போட்டுச் சுட்ட ரொட்டி இது.

தணல்
10 மார்ச், பகல் 2:10

ஆயிரம் வருஷம் இல்லை, 200 கூட இல்லை. சமையல் சோடா அயர்லாந்து வீடுகளுக்குள் நுழைஞ்சது 1830களில். அதுக்கு முன்னால் சாமானிய வீட்டு ரொட்டின்னா ஓட்ஸ், பார்லி மாவைத் தட்டிக் கல்லில் சுட்ட அடைதான். வடக்கே ஓட்ஸ் அடையைக் கல்லில் சுட்டபிறகு தீக்கு எதிரே ஓர் இரும்புச் சட்டத்தில் சாய்ச்சு வைச்சு மொறுமொறுன்னு காய வைப்பாங்க. அந்தச் சட்டத்துக்குப் பேர் ஹார்னன்.

சோடா வந்ததும் ஏன் இவ்வளவு வேகமா ஒட்டிக்கிச்சுன்னா, அங்கே விளையற கோதுமை அப்படி. ஈர நாடு, வெயில் குறைவு, அதனால் புரதம் குறைஞ்ச மிருதுவான கோதுமை. ஈஸ்ட் போட்டு உப்ப வைக்கிற ரொட்டிக்கு இழுவை பத்தாது. சோடா ரொட்டிக்கு இழுவையே வேண்டாம், இருந்தால்தான் கெடுதல். மாடு வைச்சிருந்த வீட்டில் புளிச்ச மோர் இருந்தது. பெட்டி அடுப்பு இல்லை, ஆனால் கங்கு இருந்தது. சோடா வாங்கக் காலணா செலவு. இதெல்லாம் கூடி வந்ததால்தான் அந்த ரொட்டி.

கண்ணளவுன்னு சொன்னது உண்மை. ஆனால் ஒரே பாத்திரம், ஒரே கரண்டி, தினம் ஒரு தடவைன்னு சுட்ட கண் அது.

சந்தேகப்பேர்வழி
10 மார்ச், பகல் 2:14

சரி, ஆயிரத்தை வாபஸ் வாங்கிக்கறேன். காலணாவையும் நீங்க வாபஸ் வாங்குங்க, அங்க பென்னி.

அல்ஸ்டர்க்கல்
10 மார்ச், இரவு 8:45

வடக்கைப் பற்றி யாரும் பேசலையே. பெல்ஃபாஸ்ட் பக்கம் சோடா ரொட்டின்னா ஓவன்ல வைக்கிற உருண்டை இல்லை, கல்லுல சுடற ஃபார்ல். வட்டத்தை நாலா வெட்டின கால் துண்டுன்னு அந்த வார்த்தைக்கு அர்த்தம். அல்ஸ்டர் ஃப்ரை காலைச் சாப்பாட்டுல பன்றி இறைச்சி, முட்டையோட கூட இதுவும் உருளைக்கிழங்கு ரொட்டியும் கொழுப்புல பொரிஞ்சு வந்தே ஆகணும். அது ரெண்டும் இல்லாத தட்டுக்கு அந்தப் பேரே கிடையாது.

மைதா 250 கிராம், சோடா அரை டீஸ்பூன், உப்பு அரை, பட்டர்மில்க் 200 மி.லி. சுமார். ஒன்றரை செ.மீ. கனத்துக்கு வட்டமா தட்டி நாலா வெட்டுங்க. கனமான இரும்பு தோசைக்கல், எண்ணெய் துளி கூட வேண்டாம். கொஞ்சம் மாவு தூவிப் பாருங்க: ஒரு நிமிஷத்துல மெல்லப் பழுப்பானா சூடு சரி, உடனே கருகினா அதிகம். மிதமான தீக்கும் கீழே, பக்கத்துக்கு 7, 8 நிமிஷம். கடைசியா வெட்டின விளிம்புகளைக் கல்லுல நிக்க வச்சு ஒவ்வொரு நிமிஷம். அதைத் தவிர்த்தா நடுவுல பச்சை மாவு. நம்ம ஆளுங்க எல்லாரும் தோசைச் சூட்டுல போட்டுக் கருக்கறாங்க, அதான் எழுதினேன்.

லிஃபிக்கரை
12 மார்ச், இரவு 8:00

தலைதட்டி ஒரு ஸ்பூன், எலுமிச்சைப் பால், 230. பச்சை இல்லை, சோப்பு இல்லை. மேல் ஓடுதான் பல்லை உடைக்குது.

தணல்
12 மார்ச், இரவு 8:20

ஓவனிலிருந்து எடுத்ததும் சுத்தமான பருத்தித் துணியில் சுத்தி வைங்க. ஆவி உள்ளேயே நின்னு, மேல் ஓடு இளகிடும். மொறுமொறுப்பு வேணும்னா கம்பி வலையில் திறந்து வைக்கலாம். எப்படியும் ஒரு நாள் ரொட்டிதான். மறுநாள் வாட்டித் தின்னணும், வெண்ணெய் தாராளமா.

முழுக்கோதுமைன்னு நம்ம ஆட்டா போட்டிருந்தீங்கன்னா அதுவும் ஒரு காரணம். ஆட்டா நைஸா அரைபட்டது, தண்ணி இழுக்கும், இழுவையும் அதிகம். அயர்லாந்தில் பிரவுன் ரொட்டிக்குக் கொரகொர மாவு. ஆட்டாவைத் தவிர வேற இல்லைன்னா மைதா 300, ஆட்டா 100, கோதுமைத் தவிடு 50.

கீறலாம்புள்ளி
17 மார்ச், காலை 10:05

பேட்ரிக் நாள் வாழ்த்து. இன்னிக்கு வலை முழுக்க 'அசல் ஐரிஷ் சோடா ரொட்டி'ன்னு திராட்சை, சோம்பு மாதிரி ஒரு விதை, முட்டை, சர்க்கரை, வெண்ணெய். எது அசல்?

தணல்
17 மார்ச், காலை 10:40

அந்த விதை கேரவே. முட்டை, சர்க்கரை, கேரவே மூணும் சேர்ந்தது அமெரிக்காவில் குடியேறினவங்க கைவண்ணம். ருசியான கேக், சண்டை போடறதுக்கு ஒண்ணுமில்லை. அயர்லாந்திலேயும் திராட்சையும் கொஞ்சம் சர்க்கரையும் போட்ட வெள்ளை ரொட்டி உண்டு, ஸ்பாட்டட் டாக், ரயில்வே கேக்னு பேர். தினப்படி ரொட்டி இல்லை, அறுவடை ஆட்களுக்கோ ஞாயித்துக்கிழமைக்கோ. அதனால் திராட்சையைப் பார்த்ததும் 'போலி'ன்னு கத்தாதீங்க.

நாட்டுப்புறத்தில் வெறும் சோடா ரொட்டிக்கே 'கேக்'னுதான் பேர். ஐரிஷ் மொழியில் காக்கா. நம்ம காதுக்குப் பறவைதான்.

கீறலாம்புள்ளி
17 மார்ச், காலை 11:00

சிலுவைக் கீறல் ஆசீர்வாதமா, தேவதைகளை வெளியே விடவா?

தணல்
17 மார்ச், பகல் 12:15

கேட்டால் இரண்டும் சொல்வாங்க. நாலு மூலையிலும் கத்தி முனையால் ஒவ்வொரு குத்து குத்தி, அதுதான் தேவதைகளுக்கு வாசல்னு குழந்தைகளுக்குச் சொல்றதும் உண்டு. எதுவும் நம்பாதவங்களும் கீறித்தான் ஆகணும். 4 செ.மீ. கன மாவில் ஓடு முதலில் இறுகிடும், நடு அப்புறம்தான் வேகும். கீறல் இல்லாட்டி பக்கவாட்டில் கண்ட இடத்தில் வெடிக்கும். ஆழம் முக்கியம், மேலாக்கக் கோடு போட்டால் சுடும்போது மூடிக்கும். வெந்ததும் அந்தக் கோட்டில் கையாலேயே நாலாப் பிய்க்கலாம்.

இதில் எது முதல் காரணம்னு அடிச்சுச் சொல்ல மாட்டேன். வேலையும் நம்பிக்கையும் ஒரே கீறலில் கிடக்கு.

மோர்ப்பானை
23 மார்ச், மாலை 6:30

பெட்டி அடுப்பு இல்லைன்னு சொன்னீங்களே, உருண்டையை எப்படிச் சுட்டாங்க? தந்தூரா?

தணல்
23 மார்ச், இரவு 9:10

பாஸ்டிபிள். மூணு குட்டைக் கால் உள்ள, அடி தட்டையான வார்ப்பிரும்புப் பானை. தட்டையான கனமான மூடி. அடுப்பங்கரையில் சுழலும் இரும்புக் கையில் தொங்கவும் விடுவாங்க, கங்கு மேல் நேரா நிக்கவும் வைப்பாங்க. சூட்சுமம் மூடியில்தான்: எரியற கங்கை இடுக்கியால் எடுத்து மூடி மேல் பரப்பணும். கீழேயும் சூடு, மேலேயும் சூடு. கல்யாண வீட்டில் பிரியாணி தேக்சாவுக்கு மூடியில் கரித்தணல் கொட்டி தம் போடறாங்களே, அதே வேலை.

ரொட்டி உள்ளே போகுமுன் பானையைக் காய வைக்கணும். மூடித் தணல் சாம்பல் பூத்ததும் தட்டிட்டுப் புதுசு வைக்கணும். ஓரத்தில் கூடுதலாகவும் நடுவில் குறைவாகவும் பரப்பினால்தான் மேல் ஓடு ஒரே சீரா சிவக்கும். மூடியைத் தூக்கும்போது கை சாஞ்சால் ரொட்டி மேல் சாம்பல் மழை.

இப்போ வீட்டில்: மூடி உள்ள வார்ப்பிரும்புப் பானையை ஓவனில் 230ல வைச்சுச் சூடாக்கி, மாவைப் போட்டு மூடி 30 நிமிஷம், திறந்து 10 நிமிஷம். ஆவி உள்ளே நிக்கிறதால் சாதாரணத் தட்டில் சுடறதைவிட ஓடு மெலிசா வரும்.

அல்ஸ்டர்க்கல்
24 மார்ச், காலை 9:00

பாஸ்டிபிள் தெற்கத்திப் பேச்சு. மத்த பக்கம் 'பாட் ஓவன்', இல்லேன்னா வெறும் 'ஓவன்'.

சந்தேகப்பேர்வழி
24 மார்ச், காலை 9:20

பாஸ்டிபிள்: கெல்டிக் மூலச் சொல்! இதையாவது சொல்ல விடுங்க.

தணல்
24 மார்ச், காலை 9:45

இங்கிலாந்தில் டெவன் பகுதியில் இருக்கிற பார்ன்ஸ்டபிள் ஊரிலிருந்து வந்த சொல். மன்னிக்கணும்.

லிஃபிக்கரை
14 ஏப்ரல், இரவு 7:30

கங்கு கங்குன்னு சொல்றீங்க. விறகா, நிலக்கரியா?

தணல்
14 ஏப்ரல், இரவு 9:55

பல இடங்களில் டர்ஃப். சதுப்பு நிலத்தில் ஆயிரக்கணக்கான வருஷமா செத்த பாசியும் புல்லும் மட்கி முடியாமல் நீருக்குள்ளேயே அமுங்கிக் கிடக்கிற மண். வருஷத்துக்கு ஏறக்குறைய 1 மி.மீ. வளரும். அப்போ ஆளுயரக் கரையை வெட்டறவன் எத்தனை காலத்தை எரிக்கிறான்னு கணக்குப் போட்டுக்குங்க. காடு குறைஞ்ச நாட்டில், நிலக்கரி வாங்க வழியில்லாத வீட்டுக்கு அதுதான் அடுப்பும் குளிர்காயலும்.

வெட்டற பருவம் ஏப்ரல் கடைசியிலிருந்து. முதலில் மேல் புல் தோலை உரிச்சு, வெட்டி முடிச்ச பள்ளத்தில் பச்சை முகம் மேலா இருக்கும்படி போடணும். பிறகு ஷ்லான்: நீளக் காம்பு, குறுகின மண்வெட்டி, ஒரு பக்கம் செங்கோணத்தில் காது மாதிரி ஒரு இறக்கை. அந்த இறக்கையால் ஒரே குத்தில் இரண்டு பக்கமும் வெட்டுப்பட்டு, சுமார் 10 செ.மீ. சதுரமும் 30 செ.மீ. நீளமும் உள்ள கட்டி வரும். ஈர வெண்ணெய் வெட்டற மாதிரி இருக்கும். வெட்டறவர் எறிய, கரையில் ஒருத்தர் கையில் பிடிச்சு வண்டியில் அடுக்குவார்.

பச்சைக் கட்டியில் சுமார் 90 சதவீதம் தண்ணி. எரிக்க அது 30க்குப் பக்கத்தில் இறங்கணும். முழுப் பாடும் காய வைக்கிறதில்தான்.

மேல் அடுக்குக் கட்டி வெளிர் நிறம், இலேசு, சட்டுன்னு பத்தி சட்டுன்னு முடியும். அடி அடுக்கு கறுப்பு, கனம், நின்னு எரியும். பாஸ்டிபிள் மூடிக்கு இந்தக் கறுப்புக் கட்டியின் தணல்தான். தீ பத்த வைக்க வெளிர் கட்டி.

தணல்
2 ஜூன், காலை 7:40

காய வைக்கிற கதையைப் பாதியில் விட்டேன். இப்போ அந்தப் பருவம்.

தரையில் பரப்பின கட்டி ஒன்றிரண்டு வாரத்தில் மேலே தோல் கட்டும். தூக்கினால் உடையாத பதம் வந்ததும் ஃபூட்டிங்: ஐந்தாறு கட்டியை நிக்க வைச்சு, தலைகள் ஒன்றோடொன்று சாயும்படி கூம்பாக்கி, உச்சியில் ஒரு கட்டி குறுக்கே. துப்பாக்கி சாய்ச்சு வைக்கிற பட்டாளத்து ஸ்டைல். காற்று நடுவில் புகுந்து போகணும். குனிஞ்சபடியே நாள் முழுக்க. ஷ்லான் வெட்டைவிட இடுப்பை முறிக்கிறது இதுதான்னு செய்தவங்க யாரைக் கேட்டாலும் சொல்வாங்க.

முந்தினால் கட்டி கையில் உடையும். பிந்தினால் அடிப்பக்கம் தரையோடு ஒட்டி, புல் அதுக்குள்ளே வளர்ந்துடும். காயாமலே குளிர்காலம் வந்துட்டால் இன்னும் மோசம்: உள்ளே தண்ணி உறைஞ்சு விரிஞ்சு, இளகும்போது கட்டி பொடிப்பொடியா உதிரும். அது எரியாது, உரத்துக்குத்தான்.

காஞ்சதைக் குவிச்சு, வீட்டுக்குக் கொண்டுவந்து, சுவர் மாதிரி வெளிப்பக்கம் சாய்வா அடுக்குவாங்க, மழைத்தண்ணி வழிஞ்சு போக. அக்கம்பக்கத்து வீடுகள் ஒருத்தர் வயலுக்கு ஒருத்தர் கூலியில்லாமல் இறங்கற ஏற்பாட்டுக்கு மெஹல்னு பேர். நம்ம ஊர் மாத்தாள். சாப்பாடு மட்டும் வயல்காரர் பொறுப்பு.

கீறலாம்புள்ளி
2 ஜூன், காலை 11:30

இப்ப டர்ஃப் தடைன்னு கேள்விப்பட்டேன்?

தணல்
2 ஜூன், பகல் 12:05

முழுத் தடை இல்லை. 2022 அக்டோபர் 31லிருந்து கடையிலும் வலையிலும் விற்கக் கூடாது. சதுப்பில் வெட்டும் உரிமை உள்ள குடும்பம் தன் வீட்டுக்கு வெட்டிக்கலாம். 1946ல தொடங்கின அரசு நிறுவனம் போர்ட் நா மோனா, பெரிய இயந்திரங்களால் அறுத்ததை நிறுத்தியாச்சுன்னு 2021 ஜனவரியில் அறிவிச்சது. புகை, கார்பன், அழியற சதுப்பு ஒரு பக்கம். வேற சூடு வாங்க முடியாத வீடு இன்னொரு பக்கம். சட்டம் நடுவில் நிக்குது. சதுப்பைத் திருப்பி நனைய விடறது சரிதான்னு எனக்குப் படுது, ஆனால் அந்த வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்து அதைச் சொல்றது சுலபமில்லை.

மேலே ஷ்லானைப் பற்றி எழுதினதைப் படிச்சு இன்னும் எல்லாரும் கையால் வெட்டறதா நினைக்க வேண்டாம். இப்போ பெரும்பாலும் டிராக்டர் இயந்திரம் உருளை உருளையா பிதுக்கித் தள்ளிட்டுப் போகும். ஃபூட்டிங் மட்டும் இன்னும் கையால்.

மோர்ப்பானை
2 ஜூன், இரவு 8:20

சதுப்பே இல்லாத ஊர்ல?

தணல்
2 ஜூன், இரவு 8:50

மேற்குக் கடலில் இருக்கிற அரான் தீவுகள் வெறும் சுண்ணாம்புப் பாறை. எதிர்க்கரையில் இருக்கிற கனமாராவிலிருந்து பாய்மரப் படகில் டர்ஃப் வந்து இறங்கும். பத்தாததுக்கு மாட்டுச் சாணியைக் காய வைச்சு எரிச்சாங்க. ஆமாம், வரட்டிதான்.

மோர்ப்பானை
2 ஜூன், இரவு 8:53

இதை முதல்லயே சொல்லியிருந்தா இந்த இழையை எங்க ஊர்க் குழுமத்துல பகிர்ந்திருப்பேன்.

தணல்
30 ஜூன், காலை 8:30

நெருப்பை அணைக்காமல் காப்பாத்தற வித்தை விட்டுப்போச்சு. படுக்கப் போகுமுன் நல்ல கங்குகளை ஒன்றுசேர்த்து மேலே சாம்பலை மூடிடுவாங்க, சின்ன பிரார்த்தனையோடு. காற்று குறைஞ்சு தணல் உறங்கும். காலையில் சாம்பலை விலக்கி வெளிர் கட்டி நாலு வைச்சால் பத்திக்கும். மெலிசா மூடினால் விடியறதுக்குள் எரிஞ்சு தீரும். அழுத்தி மூடினால் செத்துடும்.

மே 1 அன்று மட்டும் யார் வந்து கேட்டாலும் கங்கும் கொடுக்க மாட்டாங்க, பாலும் கொடுக்க மாட்டாங்க. கொடுத்தால் அந்த வருஷத்து வெண்ணெய் லாபம் முழுக்க அந்த வீட்டுக்குப் போயிடும்னு பயம். வெள்ளிக்கிழமை விளக்கு வைச்ச பிறகு உப்பு, தயிர் கேட்டு வர்ற பக்கத்து வீட்டுக்கு நம்ம பாட்டிகள் சொன்ன பதிலை நினைச்சுக்குங்க.

லிஃபிக்கரை
20 அக்டோபர், மாலை 5:00

ஹாலோவீன் வருது. அப்போ சுடற திராட்சை ரொட்டி பிராக், அதுவும் சோடாதானா?

தணல்
20 அக்டோபர், இரவு 7:25

இல்லை. பழைய பார்ம்பிராக் ஈஸ்ட் போட்டது. பாரீன் ப்ராக், அதாவது புள்ளி போட்ட ரொட்டின்னு ஐரிஷ் மூலம் சொல்வாங்க. சிலர் பார்ம்னா மதுவின் நுரையீஸ்ட்ன்னு வாதாடுவாங்க. சந்தேகப்பேர்வழிக்கு இதை விட்டுடறேன்.

வீட்டில் சுலபமானது டீ பிராக். உலர்திராட்சை வகை 375 கிராம், பழுப்புச் சர்க்கரை 150, பால் சேர்க்காத கடுப்பான ஆறின டீ 300 மி.லி. மூணும் ராத்திரி முழுக்க ஊறணும். காலையில் ஒரு முட்டை, செல்ஃப் ரெய்சிங் மாவு (பேக்கிங் பவுடர் கலந்தே வர்றது) 250, பட்டை ஜாதிக்காய்ப் பொடி ஒரு டீஸ்பூன். 900 கிராம் ரொட்டி அச்சில் 160 டிகிரி, ஒன்றேகால் மணி நேரம். ஊறும் நேரத்தைக் குறைச்சால் திராட்சை மாவின் ஈரத்தை உறிஞ்சி, துண்டு வறண்டு உதிரும்.

உள்ளே மோதிரம் வைக்கிறது வழக்கம். யார் துண்டில் வருதோ அவங்களுக்கு ஒரு வருஷத்துக்குள் கல்யாணம். நாணயம் வந்தால் பணம், கந்தல் துணி வந்தால் வறுமை. எண்ணெய்த்தாளில் இறுகச் சுத்தி வைங்க, சாப்பிடறவங்களுக்கு முன்கூட்டியே சொல்லிடுங்க. சொல்லாமல் வைச்சால் கல்யாணத்துக்கு முன்னால் பல் டாக்டரிடம் போக வேண்டிவரும்.

லிஃபிக்கரை
3 நவம்பர், காலை 9:15

பிராக் நல்லா வந்தது. மோதிரம் பூனை வளர்க்கிற அறைத்தோழருக்கு. அப்புறம், முக்கால் ஸ்பூன் சோடாவோட சூரியகாந்தி விதை ரொட்டி: மூணாம் நாள் வரைக்கும் பச்சை இல்லை. ஆனா உப்பலும் கொஞ்சம் குறைவு.

தணல்
3 நவம்பர், காலை 9:50

சோடாவைக் குறைச்சால் வாயுவும் குறையும், தப்பிக்க முடியாது. ஒரு ஸ்பூனே போட்டுட்டு, எலுமிச்சைச் சாறு அரை டேபிள்ஸ்பூன் கூட்டிப் பாருங்க. விதையை மாவுக்குள் கலக்காமல் மேலே மட்டும் தூவி அமுக்கினாலும் சரி.